மலவாய் அறுவை எல்லாம் முடிந்தும் பையனுக்கு ஒழுகல் நிற்கவில்லை, வீட்டிலேயே தினமும் எனிமா கொடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தங்கச்சிமடம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. பிறக்கும்போதே மலவாய் இல்லை. மறுநாளே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், வயிற்றில் ஓட்டை போட்டு வழி வைத்தார்கள், எட்டு மாதத்தில் கீழே வழி உண்டாக்கினார்கள், ஒன்றரை வயதில் வயிற்றில் இருந்ததை மூடினார்கள். அன்றைக்கு இதோடு முடிந்தது என்று நினைத்து அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். முடியவில்லை.

ஒரு நாளைக்கு ஆறு ஏழு ஜட்டி மாற்றுகிறேன். ஒரேயடியாகப் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டே இருக்கும், கேட்டால் தெரியவில்லை அம்மா என்கிறான். என் மாமியார் வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தார், தொக்கம் எடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் மலம் இளக சிரப் கொடுத்தார்கள், அதைக் குடித்த பிறகு ஒழுகல் இன்னும் கூடிவிட்டது, நிறுத்தினால் வயிறு கல் மாதிரி ஆகிறது. பள்ளிக்கூடத்தில், சரியானதும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று அவன் அப்பா இரண்டு தடவை அடித்துவிட்டார், அடித்துவிட்டு அவரே வெளியே போய் உட்கார்ந்து அழுதார்.

மதுரைக்கு ஒரு தடவை போய் வந்தால் எனக்குக் கடல்பாசி எடுக்கிற வேலை இரண்டு நாள் போகிறது, அவர் விசைப்படகுக்குப் போகிறவர், வாரத்தில் மூன்று நாள்தான் கடல். தினமும் வீட்டிலேயே எனிமா கொடுத்தால் சரியாகும் என்று வார்டில் பழகிய ஒரு அம்மா போனில் சொன்னார். தினமும் கொடுத்தால் குடல் பழகி, அப்புறம் தானாகப் போகவே போகாது என்று இங்கே பயமுறுத்துகிறார்கள். உப்புத் தண்ணீர்தானே வேண்டும், கடல் தண்ணீரையே வடிகட்டி விடலாமே என்று பெரியப்பா ஒருவர் சொல்கிறார். எங்கள் வீட்டுக் கிணறும் உப்புதான், குடிக்கிற தண்ணீர் குடம் காசு கொடுத்து வாங்குகிறோம். என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை உம்மா:

தங்கச்சி, முதலில் ஒன்று. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. தெரியவில்லை என்று சொல்கிறான் பாருங்கள், அது உண்மை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது. என் மகளுக்கும் இதே பிறவிக் குறைதான், இப்போது பதினொரு வயது. ஏழு வயது வரை நானும் அடித்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

எனக்கு ஒரு டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஆபரேஷன் வழியை உண்டாக்கிவிட்டது, ஆனால் இறுக்கிப் பிடிக்கிற தசையும் வருகிறது என்று சொல்கிற நரம்பும் பிறக்கும்போதே குறைவு, அதை யாராலும் தைத்துக் கொடுக்க முடியாது. அதனால் வேறு வழியில் போக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பெருங்குடலின் கீழ்ப்பகுதியை முழுதாகக் காலி செய்துவிட்டால், மேலேயிருந்து அடுத்தது இறங்கி வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவரை ஒழுகுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. அவ்வளவுதான் விஷயம். குடல் பழகிவிடும் என்று என் வீட்டிலும் சொன்னார்கள். தானாக அடக்க முடிகிற பிள்ளையாக இருந்தால் அந்தப் பயத்தில் அர்த்தம் உண்டு, நம் பிள்ளைகளுக்கு எதை இழக்கப் போகிறோம்?

நான் செய்வதைச் சொல்கிறேன். அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் எனிமா கேனை ஜன்னல் கம்பியில் மாட்டுவேன், நான் உட்கார்ந்தால் என் தலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மகளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாய் முனையில் ஜெல் தடவி, தண்ணீரை மெதுவாக ஐந்து பத்து நிமிடத்தில் இறக்குவேன், பத்து நிமிடம் அடக்கி வைத்திருப்பாள், அப்புறம் முக்கால் மணி நேரம் உட்காருவாள். அந்த முக்கால் மணி நேரம்தான் பெரிய பாடு. எங்கள் வீட்டில் குந்துகிற கக்கூஸ், அவ்வளவு நேரம் குந்தினால் கால் மரத்துப் போய் பாதியிலேயே எழுந்துவிடுவாள், மீதி எல்லாம் வகுப்பில் ஒழுகும். எனிமா வேலை செய்யவில்லை என்று இரண்டு மாதம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே வட்டமாக வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி, கக்கூஸ் மேலேயே போட்டேன். காலுக்குக் கீழே ஒரு முக்காலி. அன்றைக்கு மாறியதுதான்.

ஆரம்பத்தில் ஒருவர் பேச்சைக் கேட்டு சோப்புத் தண்ணீர் விட்டேன், குடல் எரிந்து இரத்தம் வந்தது. தயவுசெய்து சோப்பு வேண்டாம்.

தொண்டி சிஸ்டர்:

நான் குழந்தைகள் அறுவை வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள், சொந்த ஊர் தொண்டி. அதனால் உங்கள் தண்ணீர்க் கதை எனக்குத் தெரியும், முதலில் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் உடம்புக்கு ஒத்த உப்பு ஒரு லிட்டருக்கு 9 கிராம், கடலில் ஏறக்குறைய 35 கிராம், கிட்டத்தட்ட நாலு மடங்கு. அந்த உப்பு குடல் வழியாக இரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. கிணற்றுத் தண்ணீரிலும் அதே சிக்கல், அதில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, கோடையில் ஒரு அளவு மழைக்குப் பிறகு ஒரு அளவு, அதில் நீங்கள் இன்னும் உப்புப் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதற்காக உப்பே போடாத வெறும் நல்ல தண்ணீரைத் தினமும் விடுவதும் தப்பு, இரத்தத்தில் உப்பு இறங்கி அதிலும் வலிப்பு வரும். மெடிக்கலில் விற்கிற பாஸ்பேட் எனிமாவை நீங்களாக வாங்கித் தினமும் கொடுக்காதீர்கள். மலவாய் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளில் நிறைய பேருக்குச் சிறுநீரகத்திலும் குறை இருக்கும், அவர்களுக்கு அது ரொம்ப ஆபத்து.

பிறகு எது? அந்த 9 கிராம் உப்பு அளவிலேயே வருகிற 500 மில்லி நார்மல் சலைன் பாட்டில்தான் முதல் தேர்வு, ஆரம்பிக்கிற வாரத்துக்காவது அதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கலக்குவதென்றால் குடிக்கிற காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து, ஒரு லிட்டருக்குத் தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன், விளிம்போடு கத்தியால் வழித்துவிட்டு அளக்க வேண்டும். கல் உப்பு வேண்டாம், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கல் உப்பு ஒரு ஸ்பூனில் எவ்வளவு எடை நிற்கும் என்று சொல்லவே முடியாது. அளக்கிற ஸ்பூனையும் பாட்டிலையும் மாற்றாதீர்கள், முதல் தடவை கலக்கும்போது உங்கள் வார்டு சிஸ்டர் கண் முன்னால் கலக்குங்கள். கலக்குவது நீங்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று பேர் மூன்று கையளவில் போட்டு ஒரு பிள்ளை மயங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அளவு பொதுவாகக் கிலோவுக்கு 20 மில்லி வரை. பதினாறு கிலோ பிள்ளை என்றால் ஏறக்குறைய 320. ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால், சிரப்பை நிறுத்தினால் வயிறு கல் மாதிரி ஆகிறது என்பதால், உள்ளே பழைய மலம் இறுகிக் கட்டியிருக்கும் என்று சந்தேகமாக இருக்கிறது. அப்படி இருந்தால் ஒழுகுவது அதன் ஓரமாகக் கசிந்து வருவது. பார்க்கிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு மாதிரி தெரியும், உள்ளே அடைப்பு இருக்கும். ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே போதும், ராமநாதபுரத்திலேயே எடுக்கலாம். கட்டி இருந்தால் அதை முதலில் வார்டில் வைத்து எடுத்துவிட வேண்டும், கட்டியை வைத்துக்கொண்டு மேலே தண்ணீர் விட்டால் வலி மட்டும்தான் மிச்சம். எக்ஸ்ரேயில் குடல் வெறுமையாக இருந்தும் ஒழுகுகிறது என்றால் அது வேறு ரகம், குடல் வேகமாக ஓடுகிறது, அதற்குச் சாப்பாட்டை மாற்ற வேண்டும், வேகத்தைக் குறைக்கிற மாத்திரை டாக்டர் தருவார். இரண்டும் எதிர் எதிர் வைத்தியம். சிரப் குடித்த பிறகு ஒழுகல் கூடியது என்றீர்கள் அல்லவா, அடக்க முடியாத பிள்ளைக்கு மலத்தை இளக்கினால் இன்னும் சுலபமாக ஒழுகும், கெட்டியாக இருப்பதையே பிடிக்க முடியாதவனால் தண்ணீரை எப்படிப் பிடிக்க முடியும்?

டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். எந்த வகைக் குறை, குடல் எங்கே போய்த் திறந்திருந்தது, முதுகின் அடி எலும்பு எப்படி இருக்கிறது என்று அதில் இருக்கும். தோலுக்குப் பக்கத்தில் திறந்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் பிறகு தானாக அடக்கப் பழகிவிடுவார்கள், மூத்திரப்பையின் கழுத்தில் திறந்திருந்து அடி எலும்பும் வளராத பிள்ளைகளுக்கு அது கஷ்டம். கீழே வழி உண்டாக்க இப்போது எல்லா இடத்திலும் செய்கிற ஆபரேஷனை 1980ல் மெக்சிகோவில் முதலில் செய்த டாக்டர் பெனா, தன்னிடம் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் கட்டுப்பாடு வரவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார், தினசரி எனிமா முறையை ஒழுங்காக்கிக் கொடுத்ததும் அவர்தான். உலகத்திலேயே கைதேர்ந்தவர் செய்தும் அப்படி என்றால் உங்கள் பிள்ளைக்கு யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றோ நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றோ நினைக்க வேண்டாம்.

ஆரம்பித்த முதல் வாரம் சரியாக வராது. தினமும் எழுதி வையுங்கள், எத்தனை மில்லி, எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு ஒழுகியது. கொடுத்த உடனே ஒரு மணி நேரத்துக்குள் ஒழுகினால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, சாயங்காலம் மலமாக ஒழுகினால் முழுதாகக் காலியாகவில்லை. அந்த நோட்டைக் காட்டினால் டாக்டர் அளவை மாற்றுவார், சில பேருக்குக் கிளிசரின் சேர்ப்பார். விடும்போதே தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது என்றால் முனையில் பலூன் வைத்த ஃபோலி கதீட்டர் என்கிற குழாயைப் போட்டு, பலூனை உள்ளே ஊதி மெதுவாக இழுத்து அடைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நேரில் கற்றுக்கொள்ளாமல் செய்யாதீர்கள். குழாய் தடுத்தால் தள்ளவே கூடாது. காம்பு வைப்பதை மாமியாரிடம் கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள், ஆபரேஷன் செய்த இடம், கிழிந்துவிடும்.

இதைப் படிக்கிற ஹிர்ஷ்ஸ்ப்ரங் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குடலின் கடைசியில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறக்கிற பிள்ளைகள் இவர்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும், காய்ச்சலோடு வயிறு உப்பி, நாற்றமாகப் பீறிட்டு மலம் போனால் அது சாதாரண பேதி கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பாம்பன் அப்பா:

என் மகள் முதுகெலும்பு மூடாமல் முதுகில் கட்டியோடு பிறந்தவள், ஸ்பைனா பைஃபிடா. ஒன்பது வயது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுத்தான் சிறுநீர் எடுக்கிறோம், மலத்துக்கு மூன்று வருடமாக எனிமா. மேலே அக்கா நாற்காலி யோசனை சொன்னதைப் படித்தேன், நல்ல யோசனை, ஆனால் எங்களை மாதிரி பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. என் மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வெட்டிய நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து தொடையில் புண் வந்து, அது எங்களுக்குத் தெரியவே நாலு நாள் ஆனது, ஆற மூன்று மாதம். இப்போது கார் டியூப் துண்டைச் சுற்றி அதன் மேல் பழைய வேட்டி கட்டியிருக்கிறேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி உட்கார வைப்போம். தண்ணீர் சூடும் அப்படித்தான், அவள் சுடுகிறது என்று சொல்ல மாட்டாள், உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள்.

தொண்டி சிஸ்டர்:

பாம்பன் அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், அந்த டியூப் ரப்பரா? ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகளுக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்கள் அலர்ஜி ஆவது ரொம்ப அதிகம். சிவப்பு ரப்பர் குழாய், ரப்பர் கையுறை, விளையாட்டு பலூன் எல்லாமே. மூச்சுத் திணறல் வரை போகும். உட்காருவதற்குப் பஞ்சு அல்லது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துவிடுங்கள், குழாய் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

பாம்பன் அப்பா:

குழாய் சிலிகான்தான் சிஸ்டர், டியூப் விஷயம் யோசிக்கவே இல்லை, இன்றைக்கே கழற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, மலம் அடைத்துக்கொண்டால் அவளுக்கு உடனே மூத்திரத்தில் கிருமி வந்து காய்ச்சல் வரும், வயிற்றைக் காலியாக வைத்த பிறகு அந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ராமநாதபுரத்தில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற பிள்ளைகள் நலத் திட்ட டாக்டர்கள் அங்கேதான் எழுதி அனுப்புவார்கள், பதினெட்டு வயது வரை பார்க்கலாம், முதுகுக் கட்டி அந்தத் திட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்களைப் போல ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் அடுத்தது வேண்டுமென்றால், கர்ப்பம் ஆவதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் கூடுதல் அளவு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்க வேண்டும், நாள் தள்ளிப்போன பிறகு ஆரம்பித்தால் தாமதம், முதுகெலும்பு மூடுவது முதல் நாலு வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

தேவிபட்டினம் டீச்சர்:

சரியானதும் அனுப்புங்கள் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயது வரை எல்லாப் பிள்ளைக்கும்தான். ஆனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தலைமை ஆசிரியரைத் தனியாகப் பார்த்து டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள், பாதி பேருக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது, வளர்ப்பு சரியில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள். என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். கதவோரம் இடம் கொடுத்தேன், கேட்காமலே எழுந்து போகலாம் என்று சொல்லியிருந்தேன், என் அலமாரியில் ஒரு கால்சட்டை, ஒரு துண்டு, ஒரு கவர். மற்ற பிள்ளைகளிடம் எதுவும் விளக்கவில்லை. கழிப்பறையில் வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று நானே தினமும் பார்ப்பேன், அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் பயன்படாது.

தங்கச்சிமடம் அம்மா:

எல்லாருக்கும் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். சிஸ்டர் சொன்னதுதான் நடந்தது. ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தால் வயிறு முழுக்க அடைத்துக் கிடக்கிறது. மதுரையில் மூன்று நாள் வைத்துச் சுத்தம் செய்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து அவர் வீட்டில் இருந்தார், ஏப்ரல் 15லிருந்து 61 நாள், காசு இல்லாத காலம்தான், ஆனால் இதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது, நான் பாசிக்குப் போகிற நேரத்தில் அவரே கேனைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

முதல் நாலு நாள் அழுகை, ஒழுகல், ஒரு நாள் முழுத் தண்ணீரும் பாயில். 300 மில்லியில் ஆரம்பித்து, நோட்டைப் பார்த்து டாக்டர் இரண்டு தடவை மாற்றி இப்போது 350ல் நிற்கிறது. எட்டாவது நாள் காலை போட்ட ஜட்டி சாயங்காலம் வரை சுத்தமாக இருந்தது. நான் மூன்று தடவை சோதித்தேன், நம்பவே முடியவில்லை. இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் ஆகிறது, அவ்வளவுதான். டீச்சர் சொன்னபடி சீட்டைக் காட்டினேன், ஜூனில் சேர்த்துக்கொண்டார்கள். கடல் தண்ணீர் பெரியப்பா இப்போது வாரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

இரண்டு சந்தேகம். இதை அவன் எவ்வளவு வயது வரை என் கையால் செய்ய வேண்டும்? அப்புறம், இப்போது காலை ஆறு மணிக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை அதிகாலை சித்தப்பாவோடு வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், கடலுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அந்த ஒரு நாள் மட்டும் சாயங்காலம் கொடுக்கலாமா?

தொண்டி சிஸ்டர்:

படித்து ரொம்பச் சந்தோஷம் அம்மா. ஒரு நாள் மட்டும் மாற்றினால் நடுவில் இடைவெளி நீண்டுவிடும், கடலில் வைத்து ஒழுகும். நிரந்தரமாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுகிற நாளில் காலையும் மாலையும் இரண்டு தடவை கொடுக்கலாமா என்று மட்டும் டாக்டரிடம் போனில் கேளுங்கள், பிறகு தினமும் ஏழு மணிதான். பள்ளிக்கும் அது வசதி, காலையில் அவசரம் இருக்காது. மாற்றி ஒரு வாரம் சுத்தமாக இருந்தால் வல்லத்தில் அனுப்புங்கள்.

பத்து பன்னிரண்டு வயதில் அவனுக்கே கூச்சம் வரும், தானே செய்ய ஆசைப்படுவான். அப்போது அப்பெண்டிக்ஸை, அதாவது குடல்வாலை, வயிற்றுத் தோலோடு சேர்த்துச் சின்ன வழி வைத்து, மேலேயிருந்து தண்ணீர் விடுகிற ஆபரேஷன் இருக்கிறது, கக்கூஸில் உட்கார்ந்துகொண்டே அவனே விட்டுக்கொள்ளலாம். 1990ல் மாலோன் என்ற டாக்டர் கொண்டுவந்தது. எனிமா நன்றாக வேலை செய்கிற பிள்ளைக்குத்தான் அதுவும் வேலை செய்யும், அதனால் இப்போது செய்வது எதுவும் வீண் போகாது. இடையில் வேறு எதற்காவது வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், அப்பெண்டிக்ஸ் இவனுக்குத் தேவைப்படும், எடுத்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள்.